காயக் கூடாத போர்வை

துவைத்துப் போட்ட துணி காயக் கூடாதே என்று கேமராக்கா வேண்டிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை. துணி காயவில்லை என்று மேகத்தோடும் எதிர்க் கட்டடத்து நிழலோடும், அடுக்ககத்தில் பாதிப் பேரோடும் மல்லுக்கு நின்றவள் அவள். அப்படிப்பட்டவள் டாக்சியின் பின் சீட்டு நுனியில் உட்கார்ந்துகொண்டு, "காஞ்சிருக்கக் கூடாது, காஞ்சிருக்கவே கூடாது" என்று முணுமுணுத்தபடி போனாள் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்க முடியாது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

கேமராக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கட்டடம் வைத்த பெயர். மூன்றாவது மாடியில் யார் வந்தாலும், யார் போனாலும் அவள் வீட்டுக் கதவு ஒரு விரல்கடை திறக்கும். அந்தச் சந்தில் ஒரு கண் தெரியும். வந்தவர் கையில் என்ன பை, பைக்குள் என்ன பொருள், யார் வீட்டுக்கு என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கதவு மூடும். மதியத்துக்கு மேல் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை, மற்ற நேரமெல்லாம் இந்த வேலை. சம்பளம் என்னவோ தையலுக்கு மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் லேப்காரி குடியிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் லைன்மேன். கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது விழுந்து, கழுத்துப் பக்கம் முதுகுத்தண்டு நசுங்கிப் போனது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. குரலும் கட்டிலைத் தாண்டி வராது. இது ஊருக்கே தெரியும். சுவரில் காது வைத்துக் கேட்கிறவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இன்னொன்று உண்டு. அவருக்கு வேர்க்காது. அடிபட்ட நரம்பு வேர்வைக்குச் சொல்லியனுப்புவதை நிறுத்திவிட்டது. அறை சூடானால் அவர் உடம்பும் கூடவே சூடாகிக்கொண்டே போகும், இறங்க வழி தெரியாது. அதனால் வெயில் காலம் முழுக்க அந்த அறை குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முன்பு அந்த அறைக்குப் பழைய ஏசி ஒன்று இருந்தது. அதன் வெளிப்பெட்டி இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்பக்க வராண்டாவில், சுவரில் தொங்கியது. அது ஓடும்போது யாரோ இரும்புத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு, கேமராக்காவின் கொடியில் காயும் துணிமேல் தண்ணீர் வேறு சொட்டும். ஆரம்பத்தில் ஜாடையாகத்தான் பேசினாள். அப்புறம் நேராகவே பேசினாள். அப்புறம் வராண்டாவில் கச்சேரி.

"ராத்திரி பூரா ஒரு பொட்டு தூக்கம் இல்ல. மனுஷங்க குடியிருக்கிற இடமா, மில்லா இது?"

"என் வீட்டுக்காரருக்கு வேணும்க்கா. அவருக்கு முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்கும்தான் முடியல. தலை வலிக்குது."

"அப்ப உங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு நான் எந்தச் சங்கத்துல மனு குடுக்கறது? எங்க மிஷினாவது நடுவுல நடுவுல நிக்குது."

குறட்டையை இழுத்த பிறகு சமாதானம் ஏது? கேமராக்கா குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். வாராவாரம் கொடுத்தாள். கடைசியில் சங்கம் லேப்காரியைக் கூப்பிட்டு, மிஷினை மாற்று, இல்லையென்றால் எடு என்று சொல்லிவிட்டது. அன்றைக்கே இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் போனில் பிளாக் செய்தார்கள். யார் முதலில் செய்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

பழைய ஏசி போனது. அந்த இடத்துக்குப் புதுசாக ஒன்று வந்தது. கதவு அகலத்துக்கு ஒரு தட்டு. சுவரை உடைத்துப் பதித்திருந்தார்கள். உள்ளே பார்த்த பக்கம் வழுவழுவென்று இருக்கும். வராண்டாவைப் பார்த்த பக்கம் முழுக்க அலுமினிய ரெக்கைகள், பெரிய சீப்பு மாதிரி. கம்ப்ரெஸ்ஸர் இல்லை, கேஸ் இல்லை, உள்ளே சுற்றுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. கரண்ட் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சூடாகும், அவ்வளவுதான். யாரோ புதுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்காகச் சில வீடுகளுக்குக் கொடுத்தார்களாம். சத்தம் என்று பார்த்தால் ஒரு கொசு அளவுக்குக்கூட இல்லை. கேமராக்கா முதல் நாள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஆனால் இரண்டாம் நாளே அவள் ஒரு புதையலைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ரெக்கைகளிலிருந்து இதமான, உலர்ந்த சூடு வந்துகொண்டே இருந்தது. எதிர்க் கட்டடம் வெயிலை முழுசாக மறைத்துவிட்ட அந்த வராண்டாவில், எப்போதும் ஒரு புளித்த வாடையோடு காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு இது வராது வந்த வரம். லேப்காரி காலையில் வேலைக்குக் கிளம்பினதும் ரெக்கைமேல் துணி ஏறும். மதியம் புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்க அவள் வருவதற்குள் துணி இறங்கிவிடும். தலையணை உறை, பனியன், நைட்டி எல்லாம் இஸ்திரி போட்டாற்போல் விறைப்பாக வந்தன. யாருக்கு என்ன நஷ்டம்? வீணாகப் போகிற சூடுதானே.

அன்றைக்குக் காலையில் ஏறியது பஞ்சுப் போர்வை. இருவர் படுக்கிற பெரிய போர்வை. குளிர் காலம் முடிந்ததும் துவைத்து எடுத்து வைக்கிற வழக்கம். ஊறின போர்வையைப் பிழிந்து, மூச்சு வாங்கத் தூக்கி, ரெக்கைகள் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி நன்றாக விரித்துப் போட்டாள். ஓரங்களைப் பக்கத்துக் கம்பிகளில் செருகியும் விட்டாள். போட்டு முடிக்கிற நேரத்தில் கடை முதலாளியம்மாவிடமிருந்து போன். அவசர ஆர்டராம், காலையிலேயே வந்துவிடச் சொன்னாள். போர்வை பாட்டுக்குக் காயட்டும் என்று கேமராக்கா கிளம்பிப் போய்விட்டாள்.

கடைக்குப் போனால் அங்கே ஒரு மெக்கானிக் தம்பி அளவு நாடாவோடு நின்றிருந்தான். திரைச்சீலைகளைத் தொங்கவிட்டுக் காட்டுகிற அறைக்கு முதலாளியம்மாவும் அதே குளிர் தட்டு ஒன்று வாங்கப் போகிறாளாம். கேமராக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். காது மட்டும் எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டது.

"வெளிப்பக்கம் அசிங்கமா இருக்கேப்பா, சீப்பு சீப்பா," என்றாள் முதலாளியம்மா. "கடைக்கு வர்றவங்க கண்ணுல படும். நம்ம அக்காகிட்ட சொல்லி அழகா ஒரு திரை தைச்சு மூடிடலாமா?"

"ஐயையோ, மூடவே கூடாதும்மா," என்றான் மெக்கானிக். "உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய துப்புறதுதான் இதோட வேலை. துப்புற வாயைப் பொத்திட்டா? அந்தச் சூடு அப்படியே தட்டு வழியா திரும்ப உள்ள வரும். கூடவே கரண்ட்டோட சூடும் சேர்ந்து வரும். ரூம் அடுப்பாயிடும்."

"அப்படி ஆனா தானா நின்னுடாதா?"

"நிக்கணும்மா. சூடு ஏறினா நிறுத்துறதுக்கு ஒரு சின்ன சென்சார் இருக்கு. ஆனா முதல்ல வந்த தட்டுங்கள்ல அந்தச் சாமான் வரல. அதை மாட்டாமதான் சில வீட்டுல வெச்சிருக்கோம். வந்ததும் மாட்டிடுவேன். அதுவரைக்கும் எதையும் போட்டு மூடாதீங்கன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

மிஷினின் ஊசி நின்றுவிட்டது. துணிக்குள் பாதி இறங்கிய நிலையில் அப்படியே நின்றது.

"தம்பி," என்றாள் கேமராக்கா. குரல் எங்கிருந்தோ வந்தது. "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராவது ஈரத் துணியைப் போட்டுட்டா?"

"ஈரமா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா, சொல்லப் போனா நல்லதுதான். ஈரமே சூட்டை இழுத்துக்கும். காஞ்சதுக்கு அப்புறம்தான் வில்லங்கம். அதுவும் பஞ்சு மாதிரி தடியா எதையாவது போட்டா…" அவன் சிரித்தான். "அந்த மாதிரி பைத்தியக்காரத்தனம் யாருக்கா பண்ணுவா?"

"அது சரி. யாரு பண்ணுவா," என்றாள் அவள்.

மதியம்தான் லேப்காரி வந்துவிடுவாளே என்று மனசு ஒரு விநாடி சமாதானம் சொன்னது. அடுத்த விநாடியே அந்தச் சமாதானம் செத்துப் போனது. முந்தின நாள் சுவர் வழியாக வந்த பேச்சு அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. "நாளைக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போய் உங்க சர்டிபிகேட் விஷயத்தை முடிச்சிட்டு சாயங்காலம்தாங்க வருவேன். ஸ்ட்ராவை வாய்கிட்ட வெச்சிட்டுப் போறேன். இருந்துக்குவீங்கல்ல?" அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அவர் குரல்தான் கட்டிலைத் தாண்டாதே.

கொஞ்சம் கம்மியாக ஒட்டுக் கேட்கிறவளாக இருந்திருந்தால் கேமராக்கா நிம்மதியாக உட்கார்ந்து ஓரம் அடித்திருப்பாள். அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அதுதான் வினை.

"முதலாளியம்மா, வீட்டுல அடுப்பை அணைக்காம வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். யோசித்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் பொய்யும் இல்லை.

டாக்சியில் ஏறினதும் முதல் காரியமாக லேப்காரியை பிளாக்கிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள். ஒரு மணி அடித்து அறுந்துவிட்டது. மறுபடியும் அதேதான். எதிர்த் தரப்பின் பிளாக் இன்னும் அமலில் இருந்தது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "இன்னிக்கு லீவுக்கா, ஊர்ல இருக்கேன்" என்றார். அடுத்தது செயலாளர். அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடும். பரப்புகிற வேலையை இத்தனை வருஷம் செய்தவளுக்கு, தானே செய்தியாகிவிடுவோமோ என்ற பயம் அப்போதும் ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் பெயர்மேல் நின்றது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"சார், நான் மூணாவது மாடி…"

"தெரியும்மா, தெரியும்மா. புகார்தானே? எழுதிக் குடுத்துடுங்க, கமிட்டியில பாக்கறோம். நான் மீட்டிங்ல இருக்கேன்."

"சார், இது புகார் இல்ல சார்…"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. வாராவாரம் கூப்பிட்டதற்கு வந்த பலன்.

வண்டி சிக்னலில் நின்றது. ஜன்னல் வழியாக வந்த காற்று முகத்தில் அடுப்பைத் திறந்து காட்டினாற்போல் இருந்தது. சாலை ஓரத்தில் ஒரு மாடியில் யாரோ விரித்துப் போட்டிருந்த படுக்கை விரிப்பு விறைப்பாக ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் டாக்சிக்காரரிடம், "இந்த வெயிலுக்கு ஒரு பெரிய போர்வை காய எவ்வளவு நேரம் ஆகும்?"

டாக்சிக்காரர் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அடிக்கிற அடிக்கு இந்நேரம் அப்பளமாயிருக்கும்க்கா. நேத்து எங்க வீட்டுல ஜீன்ஸ் பேண்ட்டே…"

"நிழல்ல போட்டிருந்தா?"

"நிழல்லன்னா கொஞ்சம் இழுக்கும்."

"அடியில சூடு குடுத்தா?"

"அடியில சூடா? என்னக்கா, போர்வையைச் சமைக்கறீங்களா?" என்று சிரித்தவர், கண்ணாடியில் அவள் முகத்தை மறுபடி பார்த்துவிட்டு, சிக்னல் பச்சை ஆவதற்குள் வண்டியைக் கிளப்பினார்.

லைன்மேனின் முகம் கண்முன் வந்தது. கம்பத்தில் ஏறுகிற காலத்தில், மின்சாரம் போனால் வராண்டாவிலிருந்து இவள்தான் முதலில் கத்துவாள். அவர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, "வந்துரும்க்கா, கத்தினா ட்ரான்ஸ்ஃபார்மர் பயந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மனுஷன் இப்போது நான்கு சுவருக்குள் தானாக ஒரு ஈயைக்கூட விரட்ட முடியாமல் கிடக்கிறார். கத்தினாலும் கேட்காது. கேட்கிற ஒரே காது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டியது. அது இன்றைக்குப் பார்த்து கடைக்குப் போய்விட்டது.

கட்டடத்து வாசலில் வண்டி முழுசாக நிற்பதற்குள் இறங்கினாள். கைப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டு மாடி ஏறினாள். தன் வீட்டைத் திறந்து, செருப்போடு சமையலறையைக் கடந்து, பின்பக்க வராண்டாவுக்கு ஓடினாள்.

போர்வை காய்ந்திருந்தது.

நன்றாக, உப்பலாக, அவள் வாழ்க்கையில் எந்தத் துணியும் காயாத அளவுக்குக் காய்ந்திருந்தது. ரெக்கைகளோடு ஒட்டின இடங்களில் வரிவரியாகப் பழுப்பேறி, தீய்ந்த வாடை வந்தது. இழுத்தாள். கம்பியில் செருகிய ஓரம் வரவில்லை. அவ்வளவு அழகாகச் செருகியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் கிழிந்து வந்தது. புறங்கை ரெக்கையில் பட்டு, தோல் சுரீரென்றது. வலி பிறகுதான் தெரிந்தது.

தட்டுக்கு மேலே ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல். உள்ளே தெரியாத மங்கல் கண்ணாடி. அதைத் தட்டினாள்.

"தம்பி! தம்பி, நான் பக்கத்து வீட்டக்கா! இருக்கீங்களா?"

ஒன்றும் இல்லை. காதை ஜன்னலில் வைத்தாள். எத்தனையோ தடவை அந்தச் சுவரில் காதை வைத்திருக்கிறாள், இப்படி ஒரு மௌனத்தை அவள் கேட்டதே இல்லை. தட்டும் பேசவில்லை. அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா, கொன்றுவிட்டதா என்று எதையும் அது சொல்லாது. பழைய மிஷினாக இருந்தால் இந்நேரம் செருமி, திணறி, நின்று, ஊரைக் கூட்டியிருக்கும்.

முன்பக்கம் ஓடி லேப்காரியின் கதவைத் தள்ளினாள். பூட்டு. தோளால் இடித்தாள். அசையவில்லை. அப்போது டாக்சிக்காரர் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார்.

"பையை விட்டுட்டுப் போயிட்டீங்கக்கா…"

"உங்க போனைக் குடுங்கண்ணே! சீக்கிரம்!"

லேப்காரியின் எண் அவளுக்கு மனப்பாடம். திட்டுவதற்காக மனப்பாடம் ஆன எண். இந்தத் தடவை அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

"நான்தான்மா. பக்கத்து வீடு. வெச்சிடாதே, உன் காலைப் புடிக்கறேன், வெச்சிடாதே."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் இரைச்சல். "என்னக்கா? அவருக்கு என்ன?"

பக்குவமாகச் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. ஏதோ வாடை வந்தது, சந்தேகமாக இருந்தது, தற்செயலாகப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு செய்தியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் எப்படித் தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அன்றைக்கு வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"அந்த ரெக்கைமேல நான் போர்வையைக் காயப் போட்டுட்டேன். காஞ்சிடுச்சு. ரூமு சூடாயிருக்கும்மா. கூப்பிட்டேன், பதில் இல்ல. கதவைத் திறக்கணும்."

லேப்காரி அழவில்லை, கத்தவும் இல்லை. ரத்தக் குழாய் தேடுகிறபோது வருகிற குரல் வந்தது. "உங்க கரண்ட் மீட்டர் பெட்டியைத் திறங்க. மீட்டருக்குப் பின்னாடி கையை விடுங்க. சாவி இருக்கு."

"என் மீட்டர்லயா?"

"உங்களைத் தாண்டி யாரும் அதைத் தொட முடியாதுன்னுதான் அங்க வெச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்கன்னுதானே நான் அவரைத் தனியா விட்டுட்டு வேலைக்கே போறேன். திறங்க, சீக்கிரம். போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

சாவி இருந்தது. அவள் தினமும் முறைத்துப் பார்க்கிற பெட்டிக்குள், அவள் கண்ணுக்கு இத்தனை நாள் தப்பி இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பூட்டில் குத்திக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர்தான் வாங்கித் திறந்தார்.

உள் அறைக் கதவைத் திறந்ததும் சூடு ஆளைப் பிடித்துத் தள்ளியது. வெயிலின் சூடு மாதிரி இல்லை அது. காற்றே இல்லாத, மூடின பாத்திரத்தின் சூடு. லைன்மேன் மல்லாந்து கிடந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை, காகிதம் போல உலர்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஸ்ட்ரா வாயிலிருந்து நழுவித் தலையணைமேல் கிடந்தது, ஒரு விரல் தள்ளி. கண் மூடியிருந்தது.

"மூச்சு இருக்கா?" போனிலிருந்து குரல்.

கேமராக்கா குனிந்தாள். தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே வைத்தாள். காத்திருந்தாள். உலகத்தில் அவள் காத்திருந்ததிலேயே நீளமான நேரம் அது.

"வருதும்மா… வருது."

"தட்டை ஆஃப் பண்ணுங்க. ஜன்னல் எல்லாம் திறங்க. உடம்பு மேல ஈரத்துணி போட்டு ஃபேனை வைங்க. ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்கு, கழுத்துப் பக்கம், கக்கத்துல, தொடை இடுக்குல வைங்க. கூச்சப்படாதீங்க. வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறும். நான் இங்கேருந்தே ஆம்புலன்சுக்குச் சொல்லி அனுப்பறேன்."

டாக்சிக்காரர் ஜன்னல்களைத் திறந்தார், குளியலறைக்கு ஓடி வாளியோடு வந்தார். கேமராக்கா கையில் கிடைத்ததையெல்லாம் நனைத்தாள், துண்டு, விரிப்பு, திரைச்சீலை. போதவில்லை. ஓடிப்போய் அந்தப் பஞ்சுப் போர்வையையே எடுத்து வந்தாள். தடித்த பாகத்தைத் தள்ளிவிட்டு, கிழிந்து தொங்கின மேல் துணியைப் பிய்த்து நனைத்து அவர் நெஞ்சின்மேல் விரித்தாள். விரித்த துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடேறியது. எடுத்தாள், நனைத்தாள், விரித்தாள். மறுபடி எடுத்தாள். காலையில் எது சீக்கிரம் காயட்டும் என்று போட்டாளோ, அதையே காயவிடாமல் நனைத்துக்கொண்டிருந்தாள். வாய் பாட்டுக்கு ஏதோ பேசியது.

"தம்பி, கண்ணைத் திறங்க. நான் ஒண்ணும் புகார் குடுக்க வரல. திறங்க தம்பி. உங்க பழைய மிஷினையே கொண்டாந்து மாட்டச் சொல்றேன், என் தலைமாட்டுலயே மாட்டச் சொல்றேன்…"

இமை ஆடியது. கண் ஒரு கோடாகத் திறந்தது. எங்கோ பார்த்தது, பிறகு அவள் முகத்துக்கு வந்தது. உதடு அசைந்தது. கேமராக்கா காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தாள்.

"போர்வை… காஞ்சிடுச்சாக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டு போனது. அன்றைக்குப் பூராவும் கேமராக்கா கடைக்குத் திரும்பிப் போகவில்லை. புறங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போடக்கூடத் தோன்றாமல், வராண்டாவில் அந்த ரெக்கைகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். எந்த நேரமும் போன் வரும், வந்தால் என்ன சொல்லும் என்று போனைப் பார்ப்பதும், பார்க்கப் பயந்து திருப்பி வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் வந்தது. பிளாக் நீங்கிய எண்ணிலிருந்து வந்தது. "பொழைச்சிட்டாரு. கொஞ்சம் நாள் இங்க வெச்சிருப்பாங்க," என்றாள் லேப்காரி. வேறு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாள்.

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கேமராக்கா போய்ப் பார்த்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, மறுபடி போய், அப்புறம்தான் உள்ளே போனாள். லேப்காரி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். உட்காருங்க என்று சொல்லவில்லை, ஆனால் நகர்த்திப் போட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி, நான் துணி போடறது?"

லைன்மேனின் முகத்தில் பழைய குறும்பு தலைகாட்டியது. அவள் குனிந்து கேட்டாள்.

"அந்தக் கண்ணாடியில நிழல் தெரியும்க்கா. தினமும் படுத்தபடியே துணிக்கடை பாத்துட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் ரூமே இருட்டாச்சு. சரி, பெரிய சரக்கு வந்திருக்குன்னு நெனச்சேன்."

"இவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் வராண்டாவுல நின்னு கத்துவீங்க. மத்தவங்க காதைப் பொத்திக்குவாங்க. எனக்கு அந்த வசதியும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்குக் கூப்பிட்டேன்க்கா. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். நீங்க வீட்டுல இருப்பீங்கன்னு நெனச்சேன்."

லேப்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துப் புட்டிகளை எடுத்து வைத்தாள்.

மெக்கானிக் தம்பி சென்சாரை எடுத்துக்கொண்டு வந்து, பேயறைந்தவன் மாதிரி நின்று மாட்டிக்கொடுத்தான். மாட்டாமல் கொடுத்ததற்கு லேப்காரியிடம் வாங்கின வசவு அவனுக்கு ஆயுசுக்கும் போதும். ரெக்கைகளைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டும் அடித்தான். கேமராக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"தம்பி, ஓடும்போது கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி ஏதாவது மாட்ட முடியாதா? ர்ருன்னு. லேசா."

"சத்தமே இல்லைங்கறதுதான்க்கா இதோட பெருமையே. பழைய மிஷின் சத்தத்துக்குப் புகார் குடுத்தது யாருன்னு கேள்விப்பட்டேன்."

இப்போதெல்லாம் கேமராக்காவுக்குத் தெரிந்த ஒரு செய்தி கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. லேப்காரியும் வாய் திறக்கவில்லை. செயலாளர் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "என்னவோ பெரிய காரியம் பண்ணீங்களாமே, சரியான நேரத்துக்குப் போய்க் காப்பாத்திட்டீங்களாமே" என்று கையெடுத்துக் கும்பிட்டபோது, அவளுக்குக் கால்வழியாகத் தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது. சாவி இன்னும் அவள் மீட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. லேப்காரி அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

காலையில் முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தால் இப்போது அவள் எடுப்பதில்லை. கொடியில் துணி பழையபடி புளித்த வாடையோடுதான் காய்கிறது. வேலைக்கு நடுவே சட்டென்று நெஞ்சு படபடக்கும். அப்படியே போட்டுவிட்டு வராண்டாவுக்கு ஓடுவாள். கூண்டுக் கம்பிக்குள் விரல்களை விட்டு, ரெக்கைகளின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். இதமாகச் சூடு இருந்தால் உள்ளே குளிர்கிறது. சில்லென்று இருந்தால் நின்றுபோயிருக்கிறது. விரல் சுட்டால் அதற்குமேல் அவள் யோசிப்பதில்லை. விரல் சரியென்று சொன்ன பிறகும் மனசு நம்பாது. மங்கல் கண்ணாடியை மெல்லத் தட்டி, காதை அதில் ஒட்டி வைத்துக்கொள்வாள்.

சில சமயம் பதில் வர நேரமாகும். அவர் அசந்து தூங்கியிருப்பார். அதற்குள் அவள் கை தானாக மீட்டர் பெட்டியைத் தேட ஆரம்பிக்கும்.

பிறகு, கட்டிலைத் தாண்டாத அந்தக் குரல் கண்ணாடியில் வந்து உரசும்.

"இருக்கேன்க்கா, இருக்கேன். போய்ச் சமைக்கிற வேலையைப் பாருங்க."